பெயர் கேட்டு வந்தவர்

என் வாயைத் திறந்து காட்டச் சொன்ன அரசியல்வாதி அவர் ஒருவர்தான். பல் வைத்தியர்கூட என் நாக்கை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மொன்றியலின் வில்லரேப் பகுதியில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில், எங்கள் சமையலறை மேசையில்தான் இது நடக்கும். கையில் ஒரு சின்ன டோர்ச் லைட்டோடு எனக்கு எதிரே உட்கார்ந்து, “இன்னும் ஒரு முறை, தயவுசெய்து” என்பார். நான் “எழில்” என்பேன். அவர் குனிந்து, என் நாக்கு நுனி எங்கே போய் மடிகிறது என்று பார்த்துக் குறிப்புப் புத்தகத்தில் படம் கீறுவார். பிறகு தானே சொல்லிப் பார்ப்பார். முதல் நாள் ‘எரிர்’ என்று வந்தது. இரண்டாம் நாள் ‘எஜில்’. நான்காம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“எங்கடை ஊரிலை பாதிப் பேருக்கு வராத எழுத்து. இவ என்ன மாதிரிச் சொல்லுறா பாரும்.”

எழிலரசி என்பது என் பெயர். நான் குளிர்க்கோட்டு தைத்த ஆலையில் அதைச் சுருக்கி ‘எலி’ என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. இலங்கையிலிருந்து வந்து ஒன்றரை வருடத்தில் என் முழுப் பெயரையும் ஒழுங்காகச் சொன்ன முதல் அந்நியர் இந்த ஜப்பான்காரிதான்.

ஜப்பானின் வடக்கே, கடலோர நகரம் ஒன்றின் தொலைக்காட்சியில் பத்து வருடம் அறிவிப்பாளராக இருந்தவர். கெபெக் மாகாணத்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு மொன்றியலுக்கு வந்து, குடியுரிமை எடுத்து, மாநகரசபைத் தேர்தலுக்கு நின்றார். எங்கள் கட்டடத்துக்கு அவர் முதலில் வந்தது வாக்குக் கேட்டுத்தான்.

கதவைத் திறந்தால் கருநீலக் கோட்டு, ஒட்டி வைத்த இரண்டு பாதங்கள், ஒரு குனிவு. தன் பெயரைச் சொன்னார், கொள்கையைச் சொன்னார். எல்லாம் நாற்பது விநாடி. இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எதையும் நாற்பது விநாடிக்குள் சொல்லி முடிப்பது அவருடைய பழைய தொழில் பழக்கம். முடித்தபின் இரண்டு விநாடி சிரித்த முகத்தோடு நேரே பார்த்தபடி நிற்பார். கமெரா இன்னும் ஓடுகிறது போல நாமும் அசையாமல் நிற்போம்.

எனக்கு ஊரில் மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் தட்டெழுத்து வேலை. ஆங்கிலம் வரும். “எங்களுக்கு வோட்டு இல்லை, மேடம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு விசாரணைக்காகக் காத்திருக்கிறோம்” என்றேன். மற்ற வேட்பாளர்கள் இந்த இடத்தில்தான் பிரசுரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள்.

“தெரியும்” என்றார். “ஆனால் கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறது. என்னால் அதை வாசிக்க முடியவில்லை. வாசிக்கத் தெரியாத பெயரைத் தாண்டிப் போக எனக்குப் பழக்கமில்லை.”

அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது. செய்தி வாசித்த மாதிரி.

அன்று அவர் கட்டடம் முழுவதும் ஏறி இறங்கினார். தமிழ்ப் பெயர்கள் பத்தொன்பது. ஒவ்வொரு பெயருக்கும் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம். அவர் போன கையோடு எங்கள் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது.

“இமிகிரேஷன்காரியா இருப்பா” என்றார் என் கணவர். “வோட்டில்லாத ஆக்களின்ரை பேர் ஒரு வேட்பாளருக்கு என்னத்துக்கு?”

மேல் மாடித் திருநாவுக்கரசு அண்ணை ஊரில் தபாலதிபராக இருந்தவர். அறுபது வயதிருக்கும். இந்த நாட்டு அலுவலகங்கள் அவர் பெயரை ‘திரு’வோடு வெட்டிவிட்டதால், பிரெஞ்சில் ‘மிஸ்யூ திரு’ என்றுதான் அவருக்குக் கடிதம் வரும். “மிஸ்டர் மிஸ்டர் எண்டு ஒருத்தனை இந்த நாடு உள்ளுக்கு விட்டிருக்கு” என்று எல்லோரிடமும் சொல்வார்.

“பயப்பிடாதேங்கோ. அவவாலை என்ரை பேரைச் சொல்ல ஏலாது. மூண்டு எழுத்திலை விழுந்திடுவா” என்றார் அண்ணை.

மூன்றாம் நாள் மாடிப்படியில் வைத்து ஜப்பான்காரர் அதைச் சொன்னார். திருநாவுக்கரசு. இடையில் மூச்சு வாங்காமல், ‘க்க’வை அழுத்தி. அண்ணை ஒரு படி கீழே இறங்கி நின்று, “எங்கை, இன்னொருக்கால்” என்றார். அன்று முதல் அவரைப் பற்றி யாரும் ஒரு சொல் குறை சொல்ல அண்ணை விட்டதில்லை. எங்களிடம் அவரைப் ‘பிள்ளை’ என்றுதான் பேச்சு. பக்கத்தில் நேரே கூப்பிடும்போது ‘மேடம்’ என்று அவருடைய குடும்பப் பெயரையும் சேர்த்து, சபையில் பேசுவது போல நன்றாக இழுத்துச் சொல்வார். நாங்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம்.

தேர்தலில் அவர் தோற்றார். நாலு பேர் நின்றார்கள். இவர் நாலாவது. மறுநாள் பின்னேரம் மறுபடியும் கதவில் தட்டினார்.

“உங்கள் ஆதரவுக்கு நன்றி.”

“நாங்கள் வோட்டுப் போடவில்லையே, மேடம்.”

“கதவைத் திறந்தீர்கள்” என்று குனிந்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

அதற்குப் பிறகும் அவர் எங்கள் கட்டடத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. தேத்தண்ணி கொடுத்தால் வேண்டாம், இளஞ்சுடுதண்ணி போதும் என்பார். குரலுக்கு அதுதான் நல்லதாம். ஒருநாள் நான் கேட்டேன், பெயரில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். அதுவும் நாற்பது விநாடிதான்.

அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் கடலில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. இறந்தவரின் பெயர் தாளில் இரண்டு எழுத்தாக எழுதி வந்தது. ஜப்பானில் ஒரே எழுத்தை இரண்டு விதமாக வாசிக்கலாமாம். யாரிடமும் கேட்காமல் இவர் ஒரு விதமாக வாசித்துவிட்டார். இவர் வாசித்த பெயரில் அதே ஊரில் இன்னொரு மீனவர் உயிரோடு இருந்தார். அவருடைய மனைவி வெறுங்காலோடு பனியில் துறைமுகத்துக்கு ஓடினாள். இறந்தவரின் வீட்டிலோ, தங்கள் ஆள் தப்பிவிட்டான் என்று விடியும்வரை நம்பிக்கொண்டிருந்தார்கள். இவர் மன்னிப்புக் கேட்க இரண்டு வீட்டுக்கும் போனார். ஒரு வீட்டில் உட்கார வைத்துத் தேநீர் தந்தார்கள். மற்ற வீட்டில் கதவைத் திறக்கவில்லை.

சொல்லி முடித்துவிட்டு வழக்கம்போல நேரே பார்த்தார். அன்று சிரிக்கவில்லை.

தேர்தல் முடிந்து வந்த ஜனவரியில் எங்கள் கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலர் செத்துப் போனது. வீட்டுக்காரரைக் கேட்டால் சாமான் வருகிறது என்பார். பதினொரு நாளாக வந்துகொண்டே இருந்தது. அடுப்பின் ஓவன் கதவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பகல் முழுக்க ஊருக்குக் குளிர்க்கோட்டு தைத்துவிட்டு வந்து வீட்டில் கோட்டோடு சமைத்தேன். கீழ் வீட்டுக் கண்ணகை அக்கா மட்டக்களப்பு. அவருடைய இரண்டு வயதுப் பெண் குழந்தையின் இருமல், ஆறிப்போன குழாய்கள் வழியாக மூன்று மாடிக்கும் கேட்டது.

திருநாவுக்கரசு அண்ணை வீட்டில் கூட்டம் வைத்தோம். அண்ணை அரை மணித்தியாலம் பேசினார். பிறகு ஜப்பான்காரர் எழுந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

“மாநகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். எனக்கு இரண்டு நிமிடம் தருவார்கள். குடியிருப்பாளர்கள் குளிரில் இருக்கிறார்கள் என்றால் அது யாருடைய காதிலும் ஏறாது. நான் உங்கள் பெயர்களை வாசிக்க விரும்புகிறேன். அனுமதி வேண்டும்.”

முதலில் வாயைத் திறந்தவர் என் கணவர்தான்.  “எங்கடை கேஸ் இன்னும் எடுபடேல்லை. பேரைக் குடுத்துப்போட்டுப் பேந்து ஏதும் நடந்தால் ஆரைப் போய்க் கேக்கிறது? கொழும்புக் கலவரத்திலை வாக்காளர் பட்டியலைக் கையிலை வைச்சுக்கொண்டுதானே வீடு வீடா வந்தவங்கள்.”

கண்ணகை அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார். “என்ர தம்பிய பேர வாசிச்சுத்தான் பஸ்ஸில இருந்து இறக்கினாங்க, புள்ள. இதையும் அவக்குச் சொல்லு.”

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த பேனையை மூடிக் கோட்டுப் பையில் வைத்தார்.  கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. பிறகு அந்தக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

“இது உங்களோடு இருக்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வேண்டாதவர்கள் தங்கள் பக்கத்தைக் கிழித்துக்கொள்ளட்டும். நான் திங்கட்கிழமை வந்து, மிச்சம் இருப்பதை மட்டும் வாசிக்கிறேன். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருவேன்.”

புத்தகத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே வைத்தேன். அடுத்த நாளுக்குள் என் கணவரோடு சேர்த்து ஏழு பேர் கிழித்துக்கொண்டார்கள். கண்ணகை அக்காவும் ஒருவர். கிழிக்கும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் என் கணவர் தன் பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“உம்மடையையும் கிழிக்கட்டோ?”

அந்தப் பக்கத்தில் என் நாக்கின் படம் இருந்தது. கீழே ஜப்பான் எழுத்தில் ஏதோ குறிப்பு. நாலு பின்னேரம் உட்கார்ந்து அவர் கீறியது.

“வேண்டாம். இருக்கட்டும்” என்றேன்.

“உம்மடை விருப்பம்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.  அன்று தையல் மெஷினில் இரண்டு கோட்டுக்குக் கைகளை மாற்றித் தைத்து, மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினேன்.

ஞாயிறு காலை கண்ணகை அக்கா வந்தார். இடுப்பில் குழந்தை. கையில் அந்தக் காகிதம். “இந்தா புள்ள, திரும்ப ஒட்டு. இவளுக்கு மூச்சு இழுக்குது. பயந்து பயந்து இருந்து இப்ப என்னத்தக் கண்டம்?” வீட்டில் பசை இல்லை. சோற்றுப் பருக்கையை நசித்து ஒட்டினோம். அவர் ஒட்டியது எப்படியோ கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பின்னேரத்துக்குள் இன்னும் மூன்று பக்கங்கள் சோறு பூசிக்கொண்டு திரும்பி வந்தன. மொத்தம் பதினாறு. என் கணவருடையது வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் ரெஸ்டோரண்ட் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, “சும்மா பாக்க வாறன்” என்று எங்களோடு மெட்ரோவில் ஏறினார்.

மாநகரசபை மண்டபம் உயரமான கூரையும் கறுத்த மரமுமாக, கோயில் போல இருந்தது. பொதுமக்களுக்கான இருக்கைகள் பின்னால் இருந்தன. ஜப்பான்காரர் தன் முறை வந்ததும் ஒலிவாங்கி முன்னால் போய்ப் பாதங்களை ஒட்டி வைத்துக்கொண்டு, முகவுரை ஒன்றும் இல்லாமல் வாசிக்கத் தொடங்கினார்.

“திருநாவுக்கரசு.”

அண்ணை டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்டது போலச் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். எழும்பும்படி யாரும் சொல்லவில்லை. அதற்கடுத்த பெயருக்கு அடுத்தவர் எழுந்தார். ‘கண்ணகை’ என்றபோது அக்கா குழந்தையின் சால்வையை இழுத்து மூடினார். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். என் பெயரும் வந்தது. நானும் எழுந்தேன். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், அந்தப் பெயருக்குரிய ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டிய அளவு நேரம் விட்டார்.

மணி அடித்தது. இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. இன்னும் மூன்று பெயர்கள் இருந்தன. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். வாழ்க்கையில் ஒருநாளும் நேரம் தாண்டாதவர். சபைத் தலைவர் “மேடம்” என்றார். இவர் அடுத்த பெயரை வாசித்தார். மறுபடி மணி. அதற்கடுத்ததையும் வாசித்தார். கடைசிப் பெயருக்கு ஆள் எழுந்தபோது, பின்வரிசையில் இன்னொருவரும் எழுந்து நிற்பதைக் கண்டேன். பட்டியலில் இல்லாத என் கணவர்.

“மேடம், உங்கள் நேரம் முடிந்துவிட்டது” என்றார் தலைவர். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. பொயிலரைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. தலைவரும் சட்டத்தை விட மாட்டார், இவரும் அதற்கு மேல் மீற மாட்டார். குனிந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முகம் சிவந்திருந்தது. நாங்கள் நின்றது நின்றபடியே நின்றோம். உட்காரும்படியும் யாரும் சொல்லவில்லையே.

அடுத்துக் கேள்வி கேட்கும் முறை தொப்பி போட்ட ஒரு கெபெக் கிழவருடையது. கையில் ஒரு தாளோடு ஒலிவாங்கிக்குப் போனார். அவர் பிரெஞ்சில் சொன்னதைப் பிறகு எங்களுக்கு ஜப்பான்காரர் ஆங்கிலத்தில் சொன்னார்.

“நான் என் தெருவில் பனி அள்ளாததைப் பற்றிக் கேட்கத்தான் வந்தேன். அது கிடக்கட்டும். இவ்வளவு பேர் எழுந்து நிற்கிறார்களே, இவர்களுக்கு என்ன வேண்டும்? அதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.”

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு ஜப்பான்காரர் மறுபடி எழுந்து, பதினைந்து விநாடியில் பொயிலரைச் சொன்னார். மூன்றாம் நாள் பரிசோதகர் வந்தார். ஐந்தாம் நாள் குழாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டு சுட ஆரம்பித்தன. கண்ணகை அக்காவின் குழந்தைக்கு இருமல் விட இன்னும் இரண்டு வாரம் எடுத்தது. அந்தக் கிழவரின் தெருவில் பனி அள்ளினார்களா என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் அந்த மடித்த காகிதத்தை ஒருநாள் புத்தகத்துக்குள் வைத்து அவரிடமே கொடுத்தார். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாலு வருடம் கழித்து அவர் மறுபடியும் நின்றார். அதற்குள் எங்களில் பலருடைய கேஸ் முடிந்து, சிலருக்குக் குடியுரிமையும் கிடைத்திருந்தது. எனக்கும் கிடைத்தது. ஆனால் நாங்கள் லாசாலுக்கு வீடு மாறிவிட்டோம். அது அப்போது வேறு நகரசபை. அவர் வாக்குக் கேட்டு வந்த காலத்தில் எனக்கு வாக்கு இல்லை, வாக்கு வந்தபோது போட அவர் பெயர் இல்லை. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். “லாசாலில் நல்ல வேட்பாளர் யார் என்று விசாரித்துப் போடுங்கள்” என்றார்.

திருநாவுக்கரசு அண்ணை மட்டும் வில்லரேயை விடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார். போர்த்துக்கேயக் கிழவி, கிரேக்கக் கடைக்காரர், யாராக இருந்தாலும் மேடத்தின் குடும்பப் பெயரை நீட்டி முழக்கிச் சொல்லி வாக்குக் கேட்டார். ஜப்பான்காரர் வென்றார். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வென்றார்.

தேவாலயம் ஒன்றின் கீழ்மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரம் பாராட்டு. நான் வடை சுட்டுக்கொண்டு போனேன். அங்கே ஜப்பான் சாமான் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞர் வந்திருந்தார். தூரத்திலிருந்தே குனிந்தபடி மேடத்தைக் குடும்பப் பெயர் சொல்லி அழைத்தார். அண்ணைக்குக் காதில் ஏதோ குத்தியது. இளைஞரின் தோளில் தட்டி ஆங்கிலத்தில் சொன்னார்.

“தம்பி, அப்பிடியில்லை. முதல் எழுத்தை நீட்டிச் சொல்ல வேணும்.”

இளைஞர் முழித்தார். பிறகு மிகவும் மரியாதையாக, நீட்டாமல் சொன்னால் சின்ன வயல் என்று பொருள், நீட்டினால் பெரிய வயல், அது வேறு குடும்பம் என்றார். மேடத்தின் குடும்பம் சின்ன வயல்தான் என்றார்.

அண்ணையின் கையில் இருந்த வடை வாய்க்குப் போகாமல் நின்றது. குறிலும் நெடிலும் உள்ள பாஷைக்காரர் நாங்கள். நாலு வருடமாகப் பத்தொன்பது பேரும் வேறு யாரோ ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லி, போதாக்குறைக்கு ஒரு தொகுதி முழுக்க வாக்கும் கேட்டிருக்கிறோம்.

“பிள்ளை, ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?” என்று தமிழிலேயே கேட்டார் அண்ணை. நான் மொழிபெயர்த்தேன்.

ஜப்பான்காரர் இளஞ்சுடுதண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். “முதல் நாள் நீங்கள் சொன்னபோது என்னுடைய நாற்பது விநாடி முடிந்திருந்தது” என்றார். “அடுத்த நாள் எல்லோரும் அப்படியே சொன்னீர்கள். வீட்டில் போய் என் கணவரிடம் சொன்னேன், எங்கள் குடும்பத்துக்கு நிலம் கூடியிருக்கிறது என்று.”

அண்ணை சிரிக்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க மாடிப்படியில் குறிலாகச் சொல்லிச் சொல்லி ஏறி இறங்கினாராம். ஆளை நேரே கண்டதும் நாக்கு பழையபடி நீண்டுவிட்டதாம்.

ஜப்பான்காரர் ஒரு தவணைதான் சபையில் இருந்தார். அடுத்த முறை தோற்று, மறுநாள் கதவு கதவாக நன்றி சொன்னார் என்று கேள்விப்பட்டேன். அதற்குச் சில வருடம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஜோன் தலோன் மெட்ரோ மேடையில், சனத்துக்கு நடுவே ஒரு கருநீலக் கோட்டைக் கண்டேன். ரயில் வருகிற சத்தம் கேட்டது. ‘மேடம்’ என்று அவருடைய பெயரையும் சேர்த்து, முதல் எழுத்தைக் கவனமாகக் குறுக்கிக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணையைப் போல நன்றாக நீட்டிக் கூப்பிட்டேன். உடனே திரும்பினார்.

இரண்டு பேரும் ரயிலை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“எனக்கு உடனே கேட்கவில்லையோ? எத்தனை முறை கூப்பிட்டீர்கள்?” என்றார்.

“இரண்டு முறை. முதல் முறை நீட்டாமல்.”

“முதல் முறை யாரைக் கூப்பிட்டீர்கள்?” என்று கேட்டார்.